ஐந்து பொத்தான் வைத்த கோட்டு

அறுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம், பம்பாயில் நடந்தது இது. அப்போது மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். செம்பூரில் ஸ்டவ்வும் தகர டப்பாக்களும் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. தினம் காலையில் குர்லாவில் வண்டி மாறிப் போய், நாள் முழுக்கப் பலகைக்கு முன்னால் நின்று படம் வரைந்துவிட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். நான் போட்ட கோடு கோணாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. கோடு நேராக இருந்தால் பொருளும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த வயசு.

வடக்கே பனிமலையில் ரோடு போடும் காண்ட்ராக்டர் ஒருவர் எங்கள் மேனேஜருக்குப் பழக்கம். அவருடைய ஆட்கள் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி, பனி சரிந்து மூடுகிற ரோட்டைத் திறந்துவைக்க வேண்டும். ஆட்கள் விறைத்துப்போய் நெருப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள், உடம்போடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஏதாவது சூடு செய்து தர முடியுமா என்று கடிதம் எழுதியிருந்தார். மேனேஜர் அந்தக் கடிதத்தை என் பலகையில் போட்டு, "குச் கரோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏதாவது செய் என்றால் செய்துதானே ஆகவேண்டும்.

பம்பாயில் குளிர் என்றால் ஜனவரியில் நாலு நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது. எனக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். இருந்தாலும் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தேன். பாட்டரி வைக்கலாம் என்றால் கனம். கரி நெருப்பைச் சட்டைக்குள் வைத்தால் ஆளே பற்றிக்கொள்வான். அப்போது ஸ்டோரில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பார்சல் கட்டுவதற்காக உருக்கிய மெழுகு ஒரு தகர டப்பாவில் இருந்தது. காலையில் உருக்கியது, நான் சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டபோதும் கதகதவென்று இருந்தது. மெழுகு உருகும்போது சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது, இறுகும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. இது போதாதா!

ஒரு சாப்பாட்டு டப்பாவின் மூடி அளவுக்குத் தட்டையான தகரப் பெட்டி. உள்ளே மெழுகு, வாயை ஈயம் வைத்து அடைத்துவிட வேண்டியது. ரோடு போடுகிற இடத்தில் தார் காய்ச்ச நெருப்பு எப்போதும் இருக்கும். அதில் ஒரு டின் வெந்நீர் வைத்து, பெட்டியை அரை மணி நேரம் கொதிக்க விட்டு எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சூடு நிற்கும். கையில்லாத ஒரு கோட்டு, அதன் முதுகுப் பக்கம் உள்ளே இரண்டு பை, பைக்கு ஒரு பெட்டி. உடம்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டு. முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை ஐந்து பித்தளைப் பொத்தான். அந்தப் பொத்தான் வரிசையை வரைந்தபோது எனக்கே உச்சி குளிர்ந்துவிட்டது. மேனேஜருக்கும் பிடித்துப்போய், அறுபது கோட்டு செய்வதென்று முடிவாயிற்று. பனி விழுந்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஏறும் மலைப்பாதை மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

பெட்டி எங்கள் தொழிற்சாலையிலேயே ஆயிற்று. தையலைத் தாராவியில் ஒரு அம்மாவிடம், எந்த ரோட்டுக்கு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லிக் கொடுத்தோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒற்றை அறையில் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பார். அவரை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது பின்னால்தான். அப்போது வெறும் "ஏம்மா"தான்.

மாதிரிக் கோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பொத்தானுக்குப் பதிலா நாடா வெச்சா ஆவாதா சார்?"

"படத்துல என்ன இருக்கோ அதைத் தைங்க" என்றேன். அவர் கோட்டை மடித்து எடுத்துவைத்துக்கொண்டார்.

சரி, குளிரில் போட்டுப் பார்க்காமல் எப்படி அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவரும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் குர்லா பக்கம் ஒரு ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தார். பர்ப் கம்பெனி என்பார்கள். பாளம் பாளமாக ஐஸை அடுக்கி வைக்கும் அறை இருக்கிறது, உள்ளே போனால் மூச்சே புகையாக வரும் என்றார். நான் அந்த முதலாளியைப் பார்த்துப் பேசி அனுமதி வாங்கினேன்.

முதலில் நானே போனேன். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் நம்முடைய கோட்டு, கழுத்தில் மஃப்ளர், தலையில் மங்கி கேப். அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். முதுகு இதமாக இருந்தது. வெளியே வந்து நோட்டுப் புத்தகத்தில் 'திருப்தி' என்று எழுதினேன்.

அடுத்த ஆறு நாள் அந்த அக்காவின் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு வேலை செய்தார். நாற்பது வயசு இருக்கும். கல்லில் அடித்த மாதிரி உடம்பு. அதிகம் பேசமாட்டார். அங்கே எல்லாரும் அண்ணாச்சி என்றதால் நானும் அண்ணாச்சி என்றேன். மற்ற ஆட்களைப் போல அவரும் வெறும் பனியன்தான் போட்டிருப்பார், தோளில் ஒரு சாக்குத் துண்டு. பனியனுக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பாளங்களைக் குனிந்து தூக்கி, நகர்த்தி, அடுக்கிவிட்டு வருவார். நான் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பேன்.

"சூடு வருதா அண்ணாச்சி?"

"வருது சார்."

"நல்லா இருக்கா?"

"நல்லாருக்கு சார்."

திருப்தி, திருப்தி என்று ஆறு நாளைக்கு ஆறு முறை எழுதினேன். அவரை ஒரு நாள்கூடக் கோட்டைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டச் சொல்லவில்லை. அவர் வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றாமலே ஒரு மூலையில் போய் நின்றுகொள்வார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபது கோட்டும் தைத்து வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை பார்சல் ஏற்ற வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"உங்களைத் தேடிண்டு யாரோ ஒரு அம்மா வந்திருக்கா. உள்ள வரமாட்டேங்கறா" என்று என் மனைவி வந்து சொன்னாள்.

வாசலில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். மாதிரிக் கோட்டைச் சுற்றிக் கொடுத்த கவரில் என் விலாசம் இருந்திருக்கிறது. அதை வைத்து விசாரித்துக்கொண்டு தாராவியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். என் மனைவி கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அவர் நாற்காலியில் உட்காராமல் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைத் தரையில் வைத்துப் பிரித்தார். அண்ணாச்சி ஆறு நாள் போட்டுக்கொண்ட கோட்டு. அதைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினார். பெட்டி இருக்கும் இடத்துக்கு நேரே துணியில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை.

"பாருங்க சார். அவிய முதுகுல வெந்து வடிஞ்சது பனியனைத் தாண்டி இதுல ஊறியிருக்கு" என்றார்.

குளிக்கும்போது முதுகு தேய்க்கக் கூப்பிடாமல், இரவில் குப்புறவே படுத்துக்கொண்டு, நாலைந்து நாளாக மனுஷர் மறைத்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் பனியன் புண்ணில் ஒட்டிக்கொண்டு கழற்ற வராததால்தான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு, மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். சத்தியத்தைக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்துவிட்டார் இவர்.

அந்த நேரத்தில் நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஐயோ பாவம் என்று எனக்கு உடனே வாயில் வரவில்லை. கோட்டின்மேல் தப்பில்லை, போட்டுக்கொண்ட விதம்தான் தப்பு என்று வாதம் செய்தேன். இது பனியனுக்கு மேல் போடுகிறதில்லை. ஃபிளானல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு. ரோடு ஆட்களுக்கு ஆளுக்கொரு சட்டையும் ஸ்வெட்டரும் கொடுத்திருப்பதாகக் காண்ட்ராக்டர் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார் என்றேன்.

"அப்படியா எழுதியிருக்காவ?" என்று கேட்டுவிட்டு அவர் இடுப்பில் சொருகியிருந்த ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து நீட்டினார். "அந்த ரோட்டுலதான் சார் என் கூடப் பொறந்தவன் கெடக்கான். படிச்சுப் பாருங்க."

அந்தக் காண்ட்ராக்டர் தாராவியிலிருந்தும் ஆள் எடுத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். கடிதம் பென்சிலில் எழுதியிருந்தது. அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம், இடது கையில் குளிரில் கறுத்துப்போன சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், பயப்பட வேண்டாம், மற்ற விரல் நன்றாக இருக்கிறது, இங்கே ஆளுக்கு ஒரு சட்டையும் ஒரு கம்பளியும்தான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. ஸ்வெட்டர் என்ற வார்த்தையே அதில் இல்லை.

"இந்தக் கோட்டைத்தான் சார் அவன் முதுகுலயும் மாட்டப் போறாவ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க போட்டுப் பாத்தீயளா சார்?" என்று கேட்டார்.

"பார்த்தேனே. நான்தான் முதல்ல பார்த்தேன்."

"எதுக்கு மேல போட்டுப் பாத்தீய?"

காப்பி தம்ளரோடு நின்றிருந்த என் மனைவி எனக்காகப் பதில் சொன்னாள். "ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப். நான்தான் பையில எடுத்து வெச்சேன்."

அவள் கேலி செய்யவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை ஐஸ் பாக்டரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருக்கு என்மேல் கோபம் இல்லை, பெண்டாட்டிமேல்தான் கோபம். "அவ சொல்லிட்டாளா?" என்று பல்லைக் கடித்தார். ஏன் அண்ணாச்சி மறைத்தீர்கள் என்று கேட்டேன். நல்லாருக்கு, நல்லாருக்கு என்று ஆறு நாள் என்னிடம் சொன்னீர்களே என்று கொஞ்சம் கத்தியும்விட்டேன்.

அவர் சாக்குத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார்.

"அவனை அந்த வேலைக்கு ஏத்திவிட்டது நாந்தான் சார். போ மாப்ள, நல்ல வேலைன்னு டேசனுக்கே போயி வண்டி ஏத்திவிட்டேன். இப்போ வெரலு போயிட்டு. நான் ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க கோட்டை நிப்பாட்டிப்புடுவீய. பனி மூடிச்சின்னா அடுத்த வருசந்தாங்கீய. கொப்புளம் பத்து நாள்ல ஆறிரும் சார். வெரலு மொளைக்குமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிறுத்தினால் அறுபது பேர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சூடில்லாமல் கிடப்பார்கள். அனுப்பினால் முதுகு வேகும். இரண்டில் எது மேல் என்று தீர்மானிக்க எனக்கு என்ன தெரியும்? ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

சட்டையைக் கழற்றினேன். பனியனுக்கு மேல் கோட்டை மாட்டி ஐந்து பொத்தானையும் போட்டுக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த இரண்டு பெட்டிகளையும் அண்ணாச்சியே முதுகில் சொருகினார். வேண்டாம் சார் என்றார், நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனோம்.

முதல் பத்து நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது. கையிலும் முகத்திலும் குளிர் ஊசி ஊசியாகக் குத்தியது. அந்த நேரத்தில் முதுகில் சூடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. பாளத்தைக் குனிந்து இழுக்க ஆரம்பித்த பிறகுதான் கதை மாறியது. குனியும்போது கோட்டு இறுகிப் பெட்டி முதுகோடு அழுந்துகிறது. நாலைந்து முறை குனிந்து நிமிர்ந்ததில் நடுவிலிருந்த கம்பளித் துண்டு நகர்ந்து ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. நான் வரைந்த படத்தில் மனுஷன் நேராக நின்றுகொண்டிருந்தான், அவன் குனியவே இல்லை. ஆனால் சுடுகிறது என்றும் தோன்றவில்லை. குளிரில் மரத்த தோலுக்குச் சூடு எது, வேக்காடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஆறு நாளும் முழுப் பொய் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. உள்ளே இருக்கும்வரை நல்லாத்தான் இருக்கும்.

திடீரென்று இடது பக்கம் சுரீர் என்றது. இன்னொரு பாளத்தை இழுத்த பிறகு அந்த எரிச்சல் நிற்கவே இல்லை. கோட்டைக் கழற்றப் போனேன். பொத்தான் கையில் அகப்படவில்லை. விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. பொத்தானைப் பிடித்தாலும் அதை ஓட்டைக்குள் திருப்ப முடியவில்லை. ஒன்றை ஒரு மாதிரி தள்ளிவிட்டேன், இன்னும் நாலு இருந்தது. முதுகில் பற்றி எரிகிற மாதிரி இருக்கிறது, நான் பித்தளைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பயத்தில் கத்தினேன். அண்ணாச்சி பாளத்தைப் போட்டுவிட்டு வந்து, கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார். பொத்தான்கள் தெறித்து ஐஸ் தரையில் உருண்டு ஓடின.

வெளியே கொண்டுவந்து வெயிலில் உட்கார வைத்தார்.

"நீங்க எப்படி அண்ணாச்சி கழட்டினீங்க, ஆறு நாளும்?" என்று கேட்டேன்.

"கழட்டலையே சார். வெளிய வந்து கை சூடாவுறவரைக்கும் நிப்பேன்" என்றார்.

அவர் மூலையில் போய் நின்றது களைப்பால் இல்லை. அந்த நேரம் முழுக்க அவர் முதுகு வெந்துகொண்டிருந்திருக்கிறது. நான் ஐந்தடி தள்ளி நின்று 'திருப்தி' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கிருந்து நேரே செம்பூர் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, இதில் எழுதியிருப்பது எதையும் நம்ப வேண்டாம் என்றேன். கெட்ட மனிதர் இல்லை அவர். சிறிது யோசித்து ஒரு வழி சொன்னார். ஸ்வெட்டர் மேல் மட்டுமே போட்டுக்கொள்ளவும் என்று ஒரு சீட்டு அச்சடித்து ஒவ்வொரு கோட்டிலும் குத்தி அனுப்பிவிடலாம். நம்மேல் தப்பு வராது. பாதையும் மூடாது.

உண்மையைச் சொல்கிறேன், முந்தின நாளாக இருந்தால் நான் சரி என்றிருப்பேன். முதுகு எரிந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை. ஸ்வெட்டரே இல்லாதவன் சீட்டைப் படித்து என்ன செய்வான்? சனிக்கிழமைக்குள் மாற்றித் தருகிறேன், முடிந்தவரை அனுப்புவோம், எத்தனை முடிகிறதோ அத்தனை என்றேன். அவர் என் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அறுபது கோட்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். இந்த முறை கையில் படம் இல்லை. அந்த அக்கா முன்னால் போய் உட்கார்ந்து, "அன்னைக்கு நாடான்னு சொன்னீங்களே, ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா அவியளுக்குச் சட்டைப் பொத்தானை நாந்தான் அவுத்து விடுதேன். வெறைச்ச கைக்குப் பொத்தான் ஆவாது சார்" என்றார்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. நல்ல வேளை, முழுங்கிவிட்டேன். சொல்ல விட்டேனா நான்?

பொத்தானை எல்லாம் பிரித்து எடுத்துவிட்டு, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வைத்து இரண்டு நாடா தைத்தார் அவர். சுருக்கு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். நுனியில் ஒரு மர மணி கோத்தார், கையால் முடியாவிட்டால் பல்லால் கடித்து இழுக்கலாம். பெட்டி இருக்கும் பையை உள்ளேயிருந்து வெளிப்பக்கத்துக்கு மாற்றினோம். முதுகுக்கும் பைக்கும் நடுவே இரண்டு மடிப்புக் கம்பளி வைத்து, நகராதபடி கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டினோம். சூடு கொஞ்சம் குறையும். குறையட்டும் என்றேன்.

அண்ணாச்சி தினமும் ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஒவ்வொரு கோட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் அதை மாட்டிக்கொண்டு, விரல் மரக்கும்வரை கையை வாளிக்குள் வைத்திருந்து, பிறகு நாடாவை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அவிழாவிட்டால் அந்தக் கோட்டு திரும்பவும் மெஷினுக்குப் போகும். இது அந்த அக்கா போட்ட சட்டம். பெண்கள் சிரித்துக்கொண்டே முறை போட்டுக் கை வைத்தார்கள். என்னுடைய முறை வந்தபோது கை எடுக்க அவசரப்பட்டேன். "இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்" என்று அந்த அக்கா என் மணிக்கட்டை வாளிக்குள்ளேயே பிடித்துக்கொண்டார். அந்த அறையே சிரித்தது. வெள்ளிக்கிழமை என் மனைவியும் வந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம்வரை கட்டத் தையல் போட்டுக் கொடுத்தாள். அண்ணாச்சியும் அந்த அக்காவும் அந்த நாலு நாளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மத்தியானம் அவருடைய முதுகில் மருந்து தடவுவது மட்டும் நிற்கவில்லை.

சனிக்கிழமை பார்சல் ஏறும்போது நாற்பத்தொரு கோட்டுதான் தயார். பத்தொன்பது கோட்டு நின்றுவிட்டது. அந்தப் பத்தொன்பது பேரின் குளிருக்கு நான்தான் பொறுப்பு என்று ரொம்ப நாள் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

பங்குனியில் பனி விலகிய பிறகு அந்தத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அந்த அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டு வந்தது, இல்லாதவர்களோடு முறை வைத்துப் போட்டுக்கொண்டோம், வெளியே இருக்கும் பைக்கும் பெட்டிக்கும் நடுவே ரொட்டியைச் சொருகி வைத்தால் மத்தியானம்வரை கல்லாகாமல் இருக்கிறது, நாடாவைப் பல்லால் இழுத்துத்தான் அவிழ்க்கிறோம், மணி வைத்தது யார் யோசனை என்று எழுதியிருந்தது. கடைசி வரியில், மீதி ஒன்பது விரலும் இருக்கிறது என்று இருந்தது. அந்த இடத்தை அக்கா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அண்ணாச்சியிடமும் இதைப் படித்துக் காட்டினீர்களா என்று கேட்டேன். "அவியதான் சார் உங்ககிட்ட காட்டிட்டு வான்னு அனுப்புனாவ" என்றார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நான் படம் வரைந்தேன். எதைச் செய்தாலும், அதைப் பயன்படுத்துகிறவரிடம் நல்லா இருக்கா என்று கேட்பதை விட்டுவிட்டேன். எங்கே உறுத்துகிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன். முதுகில் இடது பக்கம் எட்டணா அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது, குளிக்கும்போது கை பட்டால் அந்த இடத்தில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா கொடுத்த சத்தியத்தை மீறி மூன்று மாடி ஏறி வந்திராவிட்டால், நான் கோணாமல் போட்ட கோடு அறுபது பேர் முதுகில் தழும்பாக விழுந்திருக்கும், நானும் அதற்குக் கீழே திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.